எட்டுப் பேர், நான்கு தடங்கள்: நண்பர்களோடு ஒரு ஸ்லாட் கார் பந்தய மாலையை நடத்துவது எப்படி?

ஸ்லாட் காரின் முன்பக்கம், அடியில், ஒரு சிறிய வழிகாட்டித் தகடு இருக்கும். அது பாதையில் வெட்டப்பட்ட காடிக்குள் இறங்கி ஓடும். காடியின் இருபுறமும் உலோகப் பட்டைகள். தகட்டின் இரு பக்கமும் பொருத்திய செம்புப் பின்னல்கள் அந்தப் பட்டைகளைத் தடவிக்கொண்டே போய் மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கின்றன. கையிலிருக்கும் கன்ட்ரோலரின் விசையை எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவு வேகம். ஸ்டீயரிங் கிடையாது. வளைவில் வேகம் மிஞ்சினால் கார் காடியை விட்டுப் பறந்துவிடும்.

இங்கிலாந்தில் இந்த விளையாட்டுக்கான சிறு மன்றங்கள் பலவற்றுக்குச் சொந்த இடம் கிடையாது. தேவாலய மண்டபத்தையோ சாரணர் கூடத்தையோ ஒரு மாலைக்கு வாடகைக்கு எடுத்து, மேசை போட்டு, பாதையைப் பூட்டி, ஓட்டி முடித்து, இரவு 10 மணிக்குள் கலைத்துவிட வேண்டும். நான் நடத்துவதும் அப்படிப்பட்ட மாலைகளைத்தான். புதிதாகத் தொடங்குகிறவர்கள் தடுமாறுவதைப் பல முறை பார்த்திருக்கிறேன். வேகமான காரிலும் நீளமான பாதையிலும் காசையும் நேரத்தையும் போட்டுவிட்டு, டயர், மின் இணைப்பு, விழுந்த காரை எடுத்து வைக்கும் மார்ஷல் ஆகிய மூன்றையும் கடைசி நேரத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். இந்த வழிகாட்டியில் அந்த மூன்றுக்கும்தான் அதிக இடம்.

சொற்களை முதலிலேயே பிரித்துக்கொள்வோம். முழு அமைப்பும் ‘பாதை’. ஒரு கார் ஓடும் வரிசை ‘தடம்’. பாதையை ஒரு முறை சுற்றி வருவது ‘சுற்று’. தொடக்க விளக்கு அணைந்தது முதல் மின்சாரம் நிற்கும் வரை நான்கு பேர் ஓட்டுவது ஓர் ‘ஓட்டம்’.

1. முதலில் தலைகளை எண்ணுங்கள்

பாதையைப் பற்றி யோசிப்பதற்கு முன் எத்தனை பேர் வருவார்கள் என்று உறுதி செய்யுங்கள். தடங்களின் எண்ணிக்கையைப் போல இரு மடங்கு ஆட்கள் இருப்பது மிகவும் வசதியான கணக்கு. நான்கு தடம் என்றால் எட்டுப் பேர். நான்கு பேர் ஓட்டும்போது மற்ற நான்கு பேர் மார்ஷலாக நின்று, பறந்து விழும் கார்களை எடுத்து வைப்பார்கள்.

ஆறு பேர் என்றாலும் நடத்தலாம். மார்ஷல் இருவர்தான் இருப்பார்கள், ஆகவே பாதையைச் சிறிதாக்குங்கள். நான்கே பேர்தான் வருகிறார்கள் என்றால் இரண்டு தடம் போதும். நான்கு பேரும் ஒரே நேரத்தில் ஓட்டினால் விழுந்த காரை எடுக்க ஆளில்லாமல், ஒவ்வொருவரும் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு ஓட வேண்டியிருக்கும். அரைமணி நேரத்தில் எல்லோருக்கும் அலுத்துவிடும்.

2. ஒரே மாதிரி ஐந்து கார்கள்

1:32 அளவுக் கார்களில், அதாவது நிஜக் காரில் 32-இல் ஒரு பங்கு அளவுள்ளவற்றில், ஒரே வகையில் ஐந்து வாங்குங்கள். நான்கு ஓட, ஒன்று மாற்றாக. ஒவ்வொன்றின் கூரையிலும் தடத்தின் நிறத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுங்கள்: சிவப்பு, வெள்ளை, நீலம், மஞ்சள். மாற்றுக் காரோடு நான்கு நிற ஸ்டிக்கர்களையும் தயாராக வையுங்கள்.

இதில் நான் விடாப்பிடியாகச் சொல்லும் விதி ஒன்று உண்டு: கார் தடத்துக்குச் சொந்தம். ஆள்தான் தடம் மாற வேண்டும், கார் மாறக் கூடாது. சிவப்புக் கார் மாலை முழுவதும் சிவப்புத் தடத்திலேயே ஓடும். எல்லோரும் எல்லாத் தடங்களிலும் ஓட்டுவதால், எல்லோரும் எல்லாக் கார்களையும் ஓட்டியிருப்பார்கள். ஒரு கார் மந்தமாக இருந்தால் அந்த மந்தம் எட்டுப் பேருக்கும் சமமாகப் போய்ச் சேரும்.

ஆளுக்கொரு காரைச் சொந்தமாகக் கொண்டுவரச் சொல்வது அனுபவசாலிகளின் மன்றத்துக்குப் பொருந்தும். புதியவர்கள் வரும் மாலையில் அது பணம் போட்டவர் வெல்லும் பந்தயமாகிவிடும். முதல் முறை வந்தவர் இரண்டாம் முறை வரமாட்டார். கார்கள் தடம் மாறிக்கொள்ளும் டிஜிட்டல் அமைப்புகளையும் முதல் சில மாலைகளுக்குத் தவிர்த்துவிடுங்கள். பழுது தேட வேண்டிய இடங்கள் அதில் இரட்டிப்பாகும்.

3. காரைத் தயார் செய்வது: வீட்டில், முந்தைய வாரம்

இந்த வேலையை மண்டபத்தில் செய்யலாம் என்று விட்டுவிடாதீர்கள். ஒரு காருக்கு அரைமணி நேரம் ஆகும். நான் செய்யும் வரிசை இது.

முதலில் காந்தம். கடையில் வாங்கும் கார்கள் பலவற்றின் அடியில் ஒரு பட்டைக் காந்தம் இருக்கும். அது பாதையின் எஃகுப் பட்டைகளோடு இழுபட்டுக் காரை அழுத்திப் பிடிக்கும். கேட்க நல்லதாகத் தோன்றும். ஆனால் காந்தம் பிடிக்கும்வரை கார் எதையும் உணர்த்தாது. பிடி விட்ட நொடியில் முழு வேகத்தில் பறந்து மண்டபத்தின் மறுபக்கம் விழும். காந்தத்தை எடுத்துவிட்டால் கார் மெதுவாகும், பின்பக்கம் வளைவுகளில் சறுக்கும், விழுவதற்கு முன்பே கண்ணுக்குத் தெரியும். அந்தச் சறுக்கலைப் பார்த்து விரலைத் தளர்த்துவதில்தான் இந்த ஆட்டத்தின் இன்பமே இருக்கிறது. புதியவர்களுக்காகக் காந்தத்தை விட்டுவைக்கலாமா என்று கேட்பார்கள். வேண்டாம், காந்தத்தை எடுத்துவிட்டு மின்னழுத்தத்தைக் குறைத்துக் கொடுங்கள். எடுத்த காந்தங்களைக் குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

அடுத்து டயர். பின் டயர்கள் சக்கரத்தின் விளிம்பில் வழுக்காமல் இருக்கச் சிறிதளவு பசை வைத்து ஒட்டி, உலர விடுங்கள். பிறகு அவற்றை வட்டம் பிசகாமல் தேய்க்க வேண்டும். பாதைத் துண்டு ஒன்றில், பின் சக்கரங்கள் வரும் இடத்தில் உப்புத்தாளை ஒட்டுங்கள். வழிகாட்டித் தகட்டைக் காடியில் இறக்கி, குறைந்த மின்னழுத்தத்தில் மோட்டாரை ஓடவிட்டு, காரை மென்மையாகப் பிடித்துக்கொண்டிருங்கள். டயரின் முழு அகலமும் ஒரே மங்கல் நிறத்துக்கு வரும்வரை தேய்க்க வேண்டும். பளபளப்பாக நிற்கும் பகுதி தரையைத் தொடவே இல்லை என்று பொருள். புத்தம் புதிய டயர்களும் பெரும்பாலும் சரியான வட்டமாக வருவதில்லை. வளைவில் கார் துள்ளுகிறது என்று புலம்புகிறவர்கள் மோட்டாரை மாற்றுவார்கள், எடை வைப்பார்கள். டயரைத் தேய்த்தால் அந்தத் துள்ளல் பெரும்பாலும் போய்விடும். ஐந்து கார்களுக்கும் ஒரே வகை டயர் போடுங்கள்.

மூன்றாவது செம்புப் பின்னல்கள். இவற்றை எங்கள் பக்கம் ‘பிரெய்டு’ என்போம். நுனிகளைச் சற்று விரித்து, தட்டையாக, மிக லேசாகக் கீழ்நோக்கி வளைத்துவிடுங்கள். காரைப் பாதையில் வைத்தால் முன் சக்கரங்கள் தரையைத் தொட்டபடி, தகடு முழுதாகக் காடிக்குள் இருக்க வேண்டும். தொடர்பு நன்றாக இருக்கட்டும் என்று பின்னல்களை அதிகமாக வளைப்பது புதியவர்கள் எல்லோரும் செய்யும் பிழை. அவை சிறு வில்களைப் போலக் காரின் மூக்கைத் தூக்கிவிடும்; தகடு பாதியளவு வெளியே வந்து, முதல் வளைவிலேயே கார் விழும். கறுத்துப்போய் விறைத்த பின்னலை நிமிர்த்த முயலாமல் மாற்றிவிடுங்கள்.

நான்காவது மேலோட்டின் திருகுகள். அவற்றை இறுக்கி முடித்துவிட்டு அரைச் சுற்று தளர்த்துங்கள். மேலோடு கையால் ஆட்டினால் சற்று அசைய வேண்டும். வளைவில் மேலோடு தன் போக்கில் சாயும்போது அடித்தளம் பாதையோடு தட்டையாகவே நிற்கும். ஆகவே கார் கவிழ்வது குறையும். தளர்த்திய திருகு கழன்று விழாமல் இருக்கத் திருகுத் தலையின் மேல் ஒரு சிறு டேப் துண்டு ஒட்டலாம்.

கடைசியாக எண்ணெய். பின் அச்சு சுழலும் இரண்டு இடங்களிலும் மோட்டார்த் தண்டின் இரு முனைகளிலும் ஊசிமுனையால் ஒரு சொட்டு. அதற்கு மேல் வேண்டாம். மிஞ்சிய எண்ணெய் சுழற்சியில் தெறித்து டயருக்கும் அங்கிருந்து பாதைக்கும் போகும். ஒரே ஒரு காரின் எண்ணெய், நான்கு தடம் சேர்ந்த வளைவையே வழுக்கலாக்கிவிடும்.

4. பாதையைத் தாளில் வரையுங்கள்

இடத்தைக் கணக்கிட, பலரிடம் இருக்கும் ஸ்கேலெக்ஸ்ட்ரிக் என்ற ஸ்லாட் கார் பிராண்டின் துண்டுகளை எடுத்துக்கொள்வோம். ஒரு துண்டில் இரண்டு தடங்கள், அகலம் 156 மில்லிமீட்டர். முழு நேர்த்துண்டின் நீளம் 350 மில்லிமீட்டர். நான்கு தடத்துக்கு இரண்டு வரிசைகளை ஒட்டி வைக்க வேண்டும். உள்வரிசைக்கு ‘இரண்டாம் ஆரம்’ எனப்படும் வளைவுத் துண்டும், வெளிவரிசைக்கு அதைவிடப் பெரிய ‘மூன்றாம் ஆரம்’ துண்டும் சேர்ந்த அரைவட்ட வளைவுக்கு ஏறத்தாழ 1.05 மீட்டர் அகலம் தேவை. வெளி விளிம்புப் பட்டைகளோடு இன்னும் கொஞ்சம். மண்டபத்து மடக்கு மேசை ஒன்று 1.8 மீட்டர் நீளம், 75 சென்டிமீட்டர் அகலம் என்று வைத்தால், ஆறு மேசைகளை மூன்று ஜோடியாகப் போட்டு 5.4 × 1.5 மீட்டர் பரப்பு கிடைக்கும். அதில் 10 முதல் 12 மீட்டர் சுற்று அமையும். காந்தம் இல்லாத காருக்கு ஒரு சுற்று 5, 6 விநாடி. அது போதும்.

மேசையைத் தாண்டி நாற்காலி, தரை என்று பாதையை நீட்டும் ஆசை எல்லோருக்கும் வரும். அடக்கிக்கொள்ளுங்கள். நீளம் கூடக்கூட இணைப்புகள் கூடும், பழுதுகள் கூடும், கூடுதல் மார்ஷல்கள் தேவைப்படுவார்கள்.

வடிவத்தில் மூன்றே விஷயங்களைப் பாருங்கள். ஓட்டுநர்கள் நிற்கும் இடத்திலிருந்து பாதை முழுவதும் கண்ணில் பட வேண்டும். பாலம் வைத்தால் அதன் கீழே போகும் கார் மறையும், கீழே விழுந்தால் எடுக்கவும் முடியாது. நீளமான நேர்ப்பகுதி ஒன்றாவது வேண்டும். வேகம் எடுத்துப் பிரேக் பிடிக்கக் கற்றுக்கொள்ளும் இடம் அதுதான். வளைவுகள் எல்லாவற்றுக்கும் வெளி விளிம்புப் பட்டை வேண்டும். அது இல்லாவிட்டால் சறுக்கும் பின் சக்கரம் பாதையின் ஓரத்திலிருந்து கீழே இறங்கி, தகட்டைக் காடியிலிருந்து பிடுங்கிவிடும்.

தடங்களின் நீளத்தைச் சமப்படுத்தக் குறுக்கே மாறும் துண்டுகளைப் போட வேண்டாம். அங்கே கார்கள் மோதும். எல்லோரும் எல்லாத் தடத்திலும் ஓட்டப்போவதால் நீள வேறுபாடு முடிவைப் பாதிக்காது.

5. மண்டபத்தில்: மேசை, பாதை, துணி

மாலை 6 மணிக்குத் திறந்தால் 7 மணிக்குள் பாதை தயாராக வேண்டும். மேசைகளின் உயரம் ஒன்றுபோல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்; இரண்டு மேசைகள் சேரும் இடத்தில் படி இருந்தால் அட்டையை மடித்து வைத்துச் சமப்படுத்துங்கள். படியின் மேல் வரும் பாதை இணைப்பு வளைந்து, பட்டைகளுக்கு இடையே இடைவெளி விழும்.

பூட்டிய பின் ஒவ்வோர் இணைப்பையும் விரல் நுனியால் தடவிப் பாருங்கள். பட்டை மேலே துருத்திக்கொண்டிருந்தால் பின்னலைக் கிழிக்கும். பிறகு உலர்ந்த துணியால் பாதை முழுவதையும் துடையுங்கள். பட்டைகளில் துரு தெரிந்தால் உலோகம் கலக்காத மெல்லிய தேய்ப்பு நாரால் தேய்க்கலாம். இங்கே மண்டபங்களிலும் சேமிப்பு அறைகளிலும் ஈரம் அதிகம் என்பதால் எஃகுப் பட்டைகள் எளிதில் துருப்பிடிக்கும். எஃகுக் கம்பி நாரை மட்டும் பாதையின் அருகே கொண்டுவராதீர்கள். உதிரும் இழைகள் மோட்டாரின் காந்தத்தில் போய் ஒட்டிக்கொள்ளும், பட்டைகளுக்கிடையே விழுந்து மின்குறுக்கும் (ஷார்ட் சர்க்யூட்) உண்டாக்கும்.

பாதையின் ஓரத்தில் துண்டுக்குத் துண்டு 1, 2, 3 என்று எண் ஸ்டிக்கர் ஒட்டிவையுங்கள். இதன் பயன் மதிப்பெண் போடும்போது தெரியும்.

6. மின்சாரம்: ஒரு தடத்துக்கு ஒரு மின்வழங்கி

கடையில் வாங்கும் பெட்டியில் ஒரே மின்வழங்கி இருக்கும். அதில் பல தடங்களை ஓட்டினால் இப்படி நடக்கும்: வளைவுக்குள் நீங்கள் கவனமாகப் போய்க்கொண்டிருக்கிறீர்கள். பக்கத்துத் தடத்துக் கார் விழுகிறது. அது இழுத்துக்கொண்டிருந்த மின்சாரம் விடுபட்டு உங்கள் தடத்தின் மின்னழுத்தம் சட்டென்று உயர்கிறது. உங்கள் விரல் அசையவே இல்லை. கார் மட்டும் பறந்துவிட்டது. புதியவர் தன் தவறு என்று நினைத்துக்கொள்வார். அவர் எவ்வளவு பழகினாலும் இதைச் சரிசெய்ய முடியாது.

ஆகவே நான்கு தடங்களுக்கும் நான்கு தனித்தனி மின்வழங்கிகள். மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கக் கூடியவையாக, 3 ஆம்பியர் அளவில் வாங்குங்கள். நேர்மின்சாரம், பழகியவர்களுக்கு 12 வோல்ட், முதல் மாலைக்கு 9 அல்லது 10. ஒவ்வொன்றிலும் ஃபியூஸ் இருக்கட்டும். நான்கையும் ஒரே நீட்டிப்புப் பலகையில் செருகி, அந்தப் பலகையை மின்கசிவுப் பாதுகாப்பு உள்ள இணைப்பில் மாட்டுங்கள். பலகையின் ஒற்றைச் சுவிட்ச் போட்டி நடத்துநரின் கைக்கு எட்ட வேண்டும். பாதை முழுவதையும் ஒரே தட்டில் நிறுத்த அது வேண்டும்.

அடுத்தது துணை இணைப்புகள். ஒவ்வொரு பட்டை இணைப்பும் சிறிது மின்னழுத்தத்தைத் தின்னும். மின்சாரம் நுழையும் இடத்திலிருந்து தொலைவில் கார் சோர்ந்து போவது இதனால்தான். ஏறத்தாழ 4 மீட்டருக்கு ஒரு முறை, பாதையின் அடியிலிருந்து கம்பி வைத்து அதே தடத்தின் அதே பட்டைகளுக்கு மின்சாரம் கொடுங்கள். எந்தப் பட்டைக்கு எந்தக் கம்பி என்பதில் நிறம் மாறாமல் இருக்க வேண்டும். ஓர் இடத்தில் மாறிவிட்டால் நேரடி மின்குறுக்கு, ஃபியூஸ் போகும்.

சோதிக்கும்போது ஒரு விஷயம். காரை எடுத்துவிட்டு, கன்ட்ரோலரின் விசையை முழுவதும் அழுத்திப் பிடித்தபடி மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் பாதை எங்கும் ஏறத்தாழ 12 வோல்ட்தான் காட்டும். குறை இருப்பது சுமை ஏறும்போதுதான் தெரியும். ஆகவே 12 வோல்ட், 5 வாட் கார் பல்பு ஒன்றில் இரண்டு கம்பிகளை இணைத்து, விசையை ஒருவர் அழுத்திப் பிடித்திருக்க, பட்டைகளில் வைத்துத் துண்டு துண்டாகப் பாதை முழுவதும் நகர்ந்து போங்கள். எங்கே ஒளி மங்குகிறதோ அதற்கு முந்தைய இணைப்பைச் சரிசெய்ய வேண்டும். ஒரு தடத்துக்கு ஐந்து நிமிடம் ஆகும். பந்தயத்தின் நடுவே மண்டியிட்டுத் தேடும் அரைமணி நேரம் மிச்சமாகும்.

கன்ட்ரோலர்கள் நான்கும் ஒரே வகையாகவும் பிரேக் உள்ளவையாகவும் இருக்கட்டும். விசையை முழுவதும் விட்டதும் கன்ட்ரோலர் இரண்டு பட்டைகளையும் ஒன்றோடொன்று இணைத்துவிடும். அப்போது சுழன்றுகொண்டிருக்கும் மோட்டார் ஜெனரேட்டராக மாறித் தன்னைத் தானே தடுத்துக்கொள்ளும். பிரேக் என்பது இதுதான். சாதாரணப் பெட்டிகளோடு வரும் சில கன்ட்ரோலர்களில் இது கிடையாது. பிரேக் உள்ளவற்றில் மூன்று கம்பிகள் வரும். அவற்றின் நிற வழக்கம் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால் நிறத்தை நம்பாமல், எது எதற்கு என்று சோதித்துப் பெயர் ஒட்டுங்கள்.

7. சுற்றுகளை எண்ணும் கருவி

ஒவ்வொரு தடத்திலும் கார் கடப்பதை அறியும் ஓர் உணரி (சென்சார்), அதோடு கணினி மென்பொருள் என்பது இப்போது வழக்கம். உணரியை நேர்ப்பகுதியின் நடுவில் வையுங்கள். வளைவு முடியும் இடத்தில் வைத்தால், விழுந்து குறுக்கே சறுக்கி வரும் கார் பக்கத்துத் தடத்துக்கும் ஒரு சுற்றை எண்ணிவிடும்.

மென்பொருளில் மிகக் குறைந்த சுற்று நேரம் என்று ஓர் அமைப்பு இருக்கும். உங்கள் பாதையில் வேகமான சுற்று 5 விநாடி என்றால் இதை 3 என்று வையுங்கள். அதற்குள் வரும் இரண்டாவது எண்ணிக்கையைக் கருவி தள்ளிவிடும். ஒளி உணரிகள் என்றால், இரவில் எந்த விளக்குகள் எரியுமோ அவற்றை எரியவிட்டுச் சோதியுங்கள். மாலை வெயிலில் சரியாக எண்ணிய கருவி குழல்விளக்கின் கீழ் தவறுவதைப் பார்த்திருக்கிறேன்.

8. பயிற்சி: விரலுக்குப் பாடம்

7 முதல் 7.30 வரை பயிற்சி. இதைச் சுருக்காதீர்கள். டயர்கள் ஓட ஓடப் பாதையில் ரப்பர் படிந்து பிடிப்பு கூடும்; குளிர்ந்த, தூசி படிந்த பாதையில் முதல் ஓட்டத்தைத் தொடங்கினால் அதில் ஓட்டும் நால்வருக்கும் அநியாயம். பயிற்சி நேரத்தில் நான்கு கார்களும் ஓய்வில்லாமல் சுற்ற வேண்டும்.

முதல் முறை வந்தவரிடம் நான் மூன்று விஷயங்கள் மட்டும் சொல்வேன். முதலில், பத்து சுற்று விழாமல் ஓட்டுங்கள், வேகம் பிறகு. இரண்டாவது, வளைவுக்கு முன்பே நேர்ப்பகுதியில் விசையை விடுங்கள். வளைவுக்குள் நுழைந்த பின் சட்டென்று விட்டால் பின் சக்கரங்கள் இறுகிக் கார் சுழன்றுவிடும். வளைவு முழுவதும் சிறிது அழுத்தம் இருந்துகொண்டே இருக்கட்டும். மூன்றாவது, காரைப் பார்க்காதீர்கள். கார் போகப்போகும் இடத்தைப் பாருங்கள்.

ஒரு முறை விழுந்தால், மார்ஷல் எடுத்து வைத்து மீண்டும் கிளம்ப 4, 5 விநாடி போகும். ஏறத்தாழ ஒரு சுற்றே போய்விட்டது. சுற்றுக்குக் கால் விநாடி வேகமாக ஓட்டி அதை ஈடுகட்ட இருபது சுற்று வேண்டும். இந்தக் கணக்கைச் சொன்னால் புதியவர்களின் விரல் தானாகவே தளரும்.

9. மார்ஷல்: பந்தயம் இவர்கள் கையில்

ஓட்டி முடித்தவர் தேநீர் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்துவிடுவதால்தான் பல மாலைகள் கெட்டுப்போகின்றன. ஓட்டாத ஒவ்வொருவரும் மார்ஷல் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். எங்கே நிற்க வேண்டும் என்பதையும் நீங்களே காட்டுங்கள்: இரண்டு அரைவட்ட வளைவுகளிலும் ஒவ்வொருவர், இடையில் வரும் வளைவில் ஒருவர், எண்ணும் இடத்தின் அருகே ஒருவர். அவரவர் பகுதி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைத் துண்டுகளின் எண்ணைச் சொல்லிப் பிரித்துக்கொடுங்கள்.

மார்ஷலின் வேலைக்கும் வரிசை உண்டு. பல கார்கள் ஒன்றாக விழுந்தால், மற்றவர் தடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும் காரை முதலில் எடுக்க வேண்டும். அது நண்பருடையதா, முன்னணியில் இருப்பவருடையதா என்று பார்க்கக் கூடாது. அடுத்து, கூரை ஸ்டிக்கரைப் பார்த்து அதே நிறத் தடத்தில் வைக்க வேண்டும். அவசரத்தில் தடம் மாற்றி வைப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. காரைக் கையில் எடுத்ததும் அதன் நிறத்தை வாய்விட்டுச் சொல்லும் பழக்கம் இதைப் பெரும்பாலும் தடுக்கும். விழுந்த இடத்திலேயே வையுங்கள், முன்னே தள்ளி வைக்காதீர்கள். உணரியின் மேல் விழுந்தால், கார் இனிமேல் உணரியைக் கடக்கும்படி அதற்கு முந்தைய பக்கத்தில் வையுங்கள். அப்போதுதான் அந்தச் சுற்று கணக்கில் சேரும்.

கை நீட்டுவதற்கு முன் மற்றத் தடங்களில் கார் வருகிறதா என்று பார்க்க வேண்டும். மார்ஷலின் சட்டைக் கை தட்டி நல்லபடி ஓடிய காரும் விழுந்துவிடுவது உண்டு. கையை மடித்துவிட்டுக்கொள்வது நல்லது.

கார் மேசையிலிருந்து கீழே விழுந்தாலோ எட்டாத இடத்தில் கிடந்தாலோ மார்ஷல் ‘நிறுத்து’ என்று உரக்கச் சொல்வார். நடத்துநர் மின்சாரத்தையும் கடிகாரத்தையும் சேர்த்து நிறுத்துவார். எல்லோரும் கன்ட்ரோலரை விட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். தயாரானதும் மூன்று எண்ணி மீண்டும் தொடக்கம். நிறுத்தச் சொல்லும் உரிமை மார்ஷலுக்கும் நடத்துநருக்கும் மட்டுமே. ஓட்டுநருக்கும் கொடுத்தால், தன் கார் விழுந்தபோதெல்லாம் அவர் கூப்பிடுவார்.

10. ஓட்டங்களின் சுழற்சி

எட்டுப் பேரின் பெயரையும் குலுக்கிப் போட்டு வட்ட வரிசையாக எழுதுங்கள். முதல் நால்வர் 1, 3, 4, 2 என்ற வரிசையில் தடங்களில் நிற்பார்கள். ஓர் ஓட்டம் முடிந்ததும் ஒவ்வொருவரும் ஒரு படி நகர்வார்கள்: ஒன்றில் நின்றவர் மூன்றுக்கு, மூன்றில் நின்றவர் நான்குக்கு, நான்கில் நின்றவர் இரண்டுக்கு. இரண்டில் நின்றவர் வெளியேறி மார்ஷலாவார். வட்ட வரிசையில் அடுத்துக் காத்திருப்பவர் ஒன்றாம் தடத்துக்கு வருவார். உள்ளே வரும் இடமும் வெளியே போகும் இடமும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் நெரிசல் வராது.

எட்டு ஓட்டங்கள் முடியும்போது எட்டுப் பேரும் நான்கு தடங்களிலும் ஒரு முறை ஓட்டியிருப்பார்கள். ஓர் ஓட்டத்துக்கு 3 நிமிடம், மாறிக்கொள்ள 2 நிமிடம். மொத்தம் 40 நிமிடம். இந்த வட்ட வரிசையைப் பெரிய எழுத்தில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டுங்கள். அடுத்தது யார் என்ற கேள்விக்கு நடத்துநர் பதில் சொல்லிக்கொண்டே இருந்தால் அந்த 2 நிமிடம் 6 நிமிடமாகிவிடும்.

ஓட்டம் முடிந்து மின்சாரம் நின்றதும் கார்களைத் தொடாதீர்கள். எந்தத் துண்டில் நிற்கிறது என்று பாதை ஓர எண்ணைப் பார்த்துச் சுற்றோடு சேர்த்து எழுதுங்கள்: 31 சுற்று, 14ஆம் துண்டு. அடுத்த ஓட்டம் தொடங்கும் முன் கார்களைத் தொடக்கக் கோட்டுக்குக் கொண்டுவந்து, பின் டயர்களை டேப்பின் ஒட்டும் பக்கத்தில் ஒரு முறை உருட்டித் தூசியை எடுங்கள். நான்கு ஓட்டங்களின் கூட்டுத்தொகைதான் ஒருவரின் மதிப்பெண்.

11. நடுவில் பழுது வந்தால்

கார் தடுமாறுகிறது என்றால் உடனே காரைப் பிரிக்காதீர்கள். மின்சாரத்தை நிறுத்தச் சொல்லி, அந்தக் காரை வேறு தடத்தில் வைத்து ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். தடுமாற்றம் காரோடு போனால் பின்னல்களைப் பாருங்கள். தூசியும் நூலும் சுற்றிக்கொண்டிருக்கும். அடுத்து டயர், அதற்கடுத்துப் பற்சக்கரத்தில் சிக்கிய முடி. தடுமாற்றம் பழைய தடத்திலேயே இருந்தால் கன்ட்ரோலரை மாற்றிப் பாருங்கள். அப்போதும் இருந்தால் பாதை இணைப்பு. பாதையின் ஒரே இடத்தில் மட்டும் திக்கினால் நேராக அந்த இடத்து இணைப்புக்குப் போங்கள்.

இரண்டு நிமிடத்தில் தீராவிட்டால் மாற்றுக் காருக்கு அந்தத் தட நிற ஸ்டிக்கரை ஒட்டி ஓட்டத்தைத் தொடருங்கள். ஏழு பேர் காத்திருக்கும்போது மேசையில் குனிந்து மோட்டாரைக் கழற்றக் கூடாது.

12. இறுதிப் போட்டி

தேநீருக்குப் பிறகு, மதிப்பெண் வரிசையில் நான்காம் இடம் முதல் ஏழாம் இடம் வரை உள்ளவர்கள் முதலில் ஓட்டுவார்கள். அதில் வென்றவர் முதல் மூவரோடு சேர்ந்து இறுதி ஓட்டத்தில் நான்காவது இடம் பிடிப்பார். முதல் மூவர் தடத்தைத் தாங்களே தேர்ந்தெடுக்கலாம். மிஞ்சிய தடம் மேலேறி வந்தவருக்கு. இறுதி ஓட்டத்தை 5 நிமிடமாக்குங்கள்.

ஏழாம் இடத்தில் இருப்பவருக்கும் கடைசிவரை வாய்ப்பு இருப்பதால் யாரும் 9 மணிக்கே கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்புவதில்லை. முதல் மாலை வந்த ஒருவர் இப்படி மேலேறி மூன்றாம் இடம் பிடித்ததைப் பார்த்திருக்கிறேன்; அன்று மண்டபத்தில் எழுந்த கைதட்டல் வென்றவருக்குக் கிடைத்ததைவிடப் பெரிது.

13. கலைப்பது

முதலில் சுவரிலிருந்து மின்சாரத்தைப் பிடுங்குங்கள். பிறகு கார்கள், கன்ட்ரோலர்கள், உணரிக் கம்பிகள், கடைசியாகப் பாதை. துண்டுகளை இணைப்பு நாக்கு வளையாமல் நேராக இழுத்துப் பிரியுங்கள்; முறுக்கினால் பட்டை நுனிகள் நெளிந்து அடுத்த வாரம் மின்தொடர்பு போகும். ஓர எண் வரிசையிலேயே பெட்டியில் அடுக்குங்கள். அடுத்த முறை 1ஆம் துண்டு மேலே வரும்படி, கடைசி எண்ணை முதலில் உள்ளே வையுங்கள். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் இரண்டைப் பெட்டிக்குள் போட்டு மூடுங்கள்.

கார்ப் பெட்டியின் மூடிக்குள் ஓர் அட்டை ஒட்டி வைத்திருக்கிறேன். வீட்டுக்குக் கிளம்புமுன் அதில் எழுதுவேன்: நீலக் காரின் இடது பின்னல் மாற்ற வேண்டும், 9ஆம் துண்டு, மூன்றாம் தடம், பல்பு மங்கியது, மஞ்சள் கன்ட்ரோலரின் விசை சிக்குகிறது.